ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு

திருப்பூரில் ஒரு ஷிப்ட் என்றால் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. ஆர்டர் அவசரம் என்றால் இரவு 8.30 வரை இழுக்கும்; அது ஒன்றரை ஷிப்ட். ஏற்றுமதி சீசனில் அவசரமில்லாத ஆர்டர் என்று ஒன்று கிடையாது. ஆகவே இந்த லைனில் அடுப்பு பற்றுவது 8.45-க்கு மேல்தான்.

அனுப்பர்பாளையம் பித்தளைக்கும் செம்புக்கும் பேர்போன இடம். பகலில் பட்டறைகளில் தட்டும் சத்தம் இன்னும் கேட்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பனியன் கம்பெனிகள். கம்பெனிகளை ஒட்டி லைன் வீடுகள். இந்த லைனில் இந்தப் பக்கம் ஐந்து வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு, நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற சந்து. கோடியில் பொதுக் குளியலறை, உப்புத் தண்ணிக் குழாய். கதவைத் திறந்தால் முதலில் சமையல் மேடை, அதைக் கடந்துதான் படுக்கிற அறை. காற்றுக்காகக் கதவை யாரும் சாத்துவதில்லை. சந்தின் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி யாருக்கும் அக்கறையும் இல்லை. பத்து வீட்டு ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம்.

ஏழு மணிக்கு லைன் பிள்ளைகள் வசம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, விளையாடி, வீட்டுப்பாடத்தைப் பாதி எழுதிப் பாதி மறைத்து, இப்போது பசியில் இருக்கிறார்கள். முதல் வீட்டுப் பாட்டியிடம்தான் எல்லா வீட்டுச் சாவியும் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் அவருக்கு ஊர். மகனோடு இங்கே வந்தவர், மகனும் மருமகளும் கம்பெனிக்குப் போக, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து, இப்போது லைன் முழுக்கப் பார்த்துக்கொள்கிறார்.

"ஏத்தா, அந்தச் சின்னப் பயல மொதல்ல இங்கிட்டு அனுப்பு. இப்பத் திங்காட்டி எட்டு மணிக்கு ஒறங்கிப் போவான்."

ஆறு வயதுக்குக் கீழே உள்ளதுகளுக்குப் பாட்டி வீட்டு வாசலில் ஏழரைக்கே பந்தி. காலையில் அவரவர் அம்மா வைத்துவிட்டுப் போன சோறு, அதில் தயிர், தொட்டுக்க மத்தியானத்துப் பொரியல் மிச்சம். சில நாள் ஒரு அவித்த முட்டை. பெரிய சமையல் ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் வரும்போது அந்தப் பிள்ளைகள் வயிறு நிறைந்து படம் பார்த்துக்கொண்டிருக்கும். "எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்" என்பது நல்ல ஆசைதான். ஒன்பதரை மணிக்கு ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, கண் திறக்காத வாயில் சாம்பார் சோற்றைத் திணிப்பவர்களைப் பார்த்த பிறகு, அந்த ஆசையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்பதே மேல் என்று தோன்றும்.

பாட்டிக்கு யாரும் சம்பளம் என்று கொடுப்பதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கு வரும், ஒரு வீட்டிலிருந்து பால் பாக்கெட், ஒரு வீட்டிலிருந்து அரைக்கிலோ கறியில் ஒரு கிண்ணம். கணக்குப் பார்த்தால் கட்டாது. அவர் பார்ப்பதில்லை.

8.40. மெயின் ரோட்டில் கம்பெனி வேன் நிற்கிற சத்தம். டிவிஎஸ் எக்ஸ்எல்கள், சைக்கிள்கள், நடந்து வருகிறவர்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் காலி சாப்பாட்டுப் பை. முக்கால்வாசிப் பேரின் நடை ரோட்டு முனையில் கொஞ்சம் தயங்குகிறது. அங்கே ஒரு மளிகைக் கடை, மாவு பாக்கெட் அடுக்கிய பெட்டி, காய்கறி வண்டி, பரோட்டாக் கல். இந்த நான்கில் எதன் முன்னால் நிற்பது என்று தெரியாமல் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில்தான் ராத்திரியின் தலையெழுத்து தீர்மானமாகிறது. நிற்காமல் நேரே வருகிறவர்களும் உண்டு. அவர்கள் யார் என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

மூன்றாம் வீடு. அவர் பவர்டேபிள் டைலர், அந்தம்மா செக்கிங். எட்டு வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, ஃபேனைப் போட்டு, செல்போனோடு உட்காருகிறார். அந்தம்மா செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்பு மேடைக்குப் போகிறார்.

"என்ன பண்ணட்டும்?"

"எதாவது பண்ணு."

"எதாவதுன்னா?"

"அட, எதோ ஒண்ணு. பசிக்குது."

எந்தச் சமையல் புத்தகத்திலும் 'எதாவது'க்கு அளவு போட்டிருக்காது. ஃப்ரிட்ஜ் திறந்து மூடுகிறது. இரண்டு கத்தரிக்காய், வதங்கின முருங்கைக்காய் ஒன்று. சாம்பார் என்று முடிவாகும்போது மணி 8.58. பருப்பு ஊறவில்லை. தக்காளி இல்லை. பெண் பிள்ளையைக் கடைக்கு விரட்ட, அவள் வீட்டுப்பாடத்தோடு எழுந்து முனகிக்கொண்டே ஓடுகிறாள். சில்லறை போதாமல் திரும்பி வருகிறாள். மறுபடி ஓடுகிறாள். அதற்குள் புளி ஊறவைத்து, வெங்காயம் உரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு ஆளா எத்தனதான் பண்ணுவேன்" என்று சுவரிடம் சொல்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் அது கேட்கும். அவர் சத்தத்தைக் கூட்டி வீடியோ பார்க்கிறார்.

குக்கர் விசில் வந்து அடங்குவதற்குள் பொறுமை தீர்ந்துபோகிறது. கரண்டியால் வெயிட்டை நெம்பித் தூக்குகிறார். ஆவி சீறி, மஞ்சள் தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்கிறது. பருப்பு இன்னும் அரைவேக்காடு. மறுபடி மூடி, மறுபடி அடுப்பில். 9.50-க்கு அவரும் பெண்ணும் சாப்பிட உட்காருகிறார்கள். சாம்பார் என்னவோ வாசனையாகத்தான் இருக்கிறது, கைப்பக்குவம் உள்ளவர். பையன் பாட்டி வீட்டில் சாப்பிட்டதால் தப்பித்தான். அந்தம்மா மேடையில் சாய்ந்து நின்றபடியே குக்கரில் ஒட்டிய சோற்றை வழித்து, அதிலேயே சாம்பாரை ஊற்றிச் சாப்பிடும்போது பத்து மணி தாண்டிவிட்டது. காலையில் ஐந்தரைக்கு எழுந்து டிபனும் மத்தியானச் சாப்பாடும் கட்டவேண்டும்.

அந்தம்மாவுக்குச் சமைக்கத் தெரியாதா? லைனிலேயே ருசியான சாம்பார் அவருடையதுதான். சமையலில் ஒரு கோளாறும் இல்லை.

ஐந்தாம் வீடு. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பூமி காய்ந்து, ஆடுமாட்டை விற்றுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் என்று பாட்டி சொல்லிக் கேள்வி. அவர் கட்டிங், மனைவி ஓவர்லாக். அவருடைய கம்பெனி பக்கம். அவர்தான் முதலில் வருகிறார். ரோட்டு முனையில் அவர் நிற்பதில்லை. கைகால் கழுவி, நேரே மேடைக்குப் போய், ஒரு போசியை எடுக்கிறார். அதில் மூன்று டம்ளர் அரிசியும் ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் துவரம்பருப்பும் காலையிலேயே அளந்து போட்டு மூடி வைத்தாயிற்று. அதைக் கழுவி ஊறப்போடுகிறார். ஒரு டப்பாவில் உரித்த சின்ன வெங்காயம், பூண்டு. ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்த்துக்கொண்டே மகனும் அவரும் உரித்தது.

குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், மிளகு தட்டிப் போட்டது, வரமிளகாய், கறிவேப்பிலை, முழுசாகவே வெங்காயம். தக்காளி இரண்டைக் கையாலேயே பிசைந்து போடுகிறார். கத்தி, பலகை எதுவும் வெளியே வரவில்லை. மஞ்சள், உப்பு, கொத்தமல்லிப் பொடி. நான்கு டம்ளருக்குப் பன்னிரண்டு டம்ளர் தண்ணி. அது கொதித்ததும் அரிசியும் பருப்பும். மூடி.

கொங்கு நாட்டில் இதற்கு அரிசிம்பருப்பு என்று பெயர். ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு. குழம்பு தனி, பொரியல் தனி என்ற பேச்சே இல்லை. காட்டு வேலைக்குப் போய் இருட்டித் திரும்பியவர்கள் வீட்டுச் சாப்பாடு. கம்பெனிக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்களுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

முதல் விசில் வந்ததும் அவர் தீயைக் குறைக்கிறார். விசில் எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மகனின் கணக்கு நோட்டைப் பார்க்கிறார். மூடிய குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி வரை சூடாகிறது. திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் முரண்டுபிடிக்கிற துவரம்பருப்பு, அதனால்தான் இங்கே மூன்று விசிலில் குழைகிறது. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே வேகிறது என்பதால், ஆவி தானாக அடங்க விடுவதும் சமையலில் சேர்த்திதான். அந்தப் பத்து நிமிஷத்தை என்ன செய்வது என்பதில் வீட்டுக்கு வீடு வித்தியாசம். மூன்றாம் வீட்டில் அது குக்கரோடு மல்லுக்கட்டும் நேரம். இங்கே மனைவி வந்து சேருகிற நேரம்.

"ஏனுங், வெச்சுட்டீங்களா?"

"ஆச்சு. நீ போயித் தண்ணி வாத்துட்டு வா."

அந்தம்மா குளித்துவிட்டு வருகிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த பெண் சமைப்பதற்கு முன்னால் குளிக்கிறார் என்பது இந்த லைனில் சாதாரண விஷயமல்ல. பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஐந்தாம் வீட்டில் பிடித்த காட்சி அதுதான்.

மகன் வட்டல்களை எடுத்து வைக்கிறான். அவனுக்குக் கொடுத்த வேலை தட்டு, தண்ணீர், ஊறுகாய், அப்பளம். அப்பளம் சுடுவது அம்மா, நொறுக்குவது அவன். மூடி திறந்ததும் ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சிய நெய் ஒரு கரண்டி. 9.20-க்கு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தாயிற்று.

"அம்மா, இன்னைக்கும் அரிசிம்பருப்பா?"

"இன்னைக்குத் திங்கக்கெழம சாமி."

பையன் அதற்குமேல் பேசவில்லை. தினசரி காலண்டர் அட்டையின் அடியில், மை பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறது: திங்கள் அரிசிம்பருப்பு, செவ்வாய் இட்லி, புதன் கொள்ளுப் பருப்பும் சோறும், வியாழன் ரவை கிச்சடி, வெள்ளி தக்காளிச் சோறு. சனி என்ற இடத்தில் 'கடை' என்று மட்டும் இருக்கிறது. அலுப்பாக இருக்காதா என்று கேட்கலாம், இருக்கும். ஆனால் சலித்துக்கொள்கிறவன் கிழமையைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, அம்மாவை அல்ல. "என்ன பண்ணட்டும்?" என்ற கேள்வியே அந்த வீட்டில் எழுவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மூன்று பேருமாக அட்டையைப் பார்த்து, "வியாழக்கெழம கிச்சடி வேண்டாம், உப்புமா" என்கிற அளவில் திருத்துகிறார்கள். கிச்சடிக்கும் உப்புமாவுக்கும் இடையே நடக்கிற வாக்குவாதம் சட்டசபையை மிஞ்சும். ஆனால் அதற்கு நேரம் இருக்கிற நாளில் நடக்கிறது.

ஏழாம் வீட்டில் மாவு. தேனிக்காரர்கள்; மூன்று பிள்ளைகள். மேடைக்கு அடியில் பழைய சேலை போர்த்தி ஒரு கிரைண்டர் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் மிக்சி, மின்விசிறியோடு வந்தது. சேலையை விலக்கி யாரும் பார்த்ததில்லை. வெட் கிரைண்டருக்குப் பெயர்பெற்றது பக்கத்துக் கோயம்புத்தூர்தான்; 1955 வாக்கில் சபாபதி என்பவர் அதை அங்கே உருவாக்கினார் என்பார்கள். ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காகக் கை சுழற்றிய ஒரு தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் அரைத்து எடுப்பதை விடக் கல்லைக் கழுவித் துடைப்பதுதான் வேலை என்பதும், ஊறவைக்க மறந்தால் எல்லாம் வீண் என்பதும், ஒன்றரை ஷிப்ட் போகிறவர்களுக்குத்தான் தெரியும். ஏழாம் வீட்டம்மா முனைக்கடையில் ஒரு கிலோ மாவு பாக்கெட்டை வாங்கி வருகிறார். "வீட்ல அரைச்சா அது தனி ருசி" என்று யாராவது ஆரம்பித்தால், "அப்ப வந்து அரைச்சுக் குடுங்க" என்பார். சரியான பதில்.

போன சீசனில் இந்த வீட்டில் தினமும் தோசை. பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு கல்லில் ஒரு தோசை; சுட்டுப் போடப் போட மூன்று பிள்ளைகளும் அப்பாவும் மாறி மாறித் தட்டை நீட்டுவார்கள். "எனக்கு முறுகலா", "எனக்கு வெங்காயம் போட்டு", "இன்னும் ஒண்ணே ஒண்ணு." சாப்பிடுகிறவனுக்கு தோசை சுகம், சுடுகிறவளுக்கு அது முக்கால் மணி நேரம் நின்று செய்கிற மூன்றாவது ஷிப்ட். கடைசி தோசை அவருக்கு வரும்போது சட்னி வழித்தாகியிருக்கும்.

இப்போது சாதாரண நாளில் இட்லிதான். நாலு தட்டு, பதினாறு குழி, பத்துப் பன்னிரண்டு நிமிஷம். வெந்ததும் மொத்தமாகக் கவிழ்த்து நடுவில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிடுகிறார். அதே மாவு, அதே விலை. மாறியது அவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது மட்டும். சட்னிக்கும் ஒரு ஏற்பாடு: வார நாளில் பொடியும் நல்லெண்ணெயும். தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்சி ஓடினால் அன்று யாரோ விருந்தாளி என்று லைனுக்கே தெரிந்துவிடும். மிச்சமான இட்லி காலையில் உதிர்ந்து உப்புமா ஆகிறது. தோசைக்கு ஞாயிற்றுக்கிழமை, அன்று கல்லின் முன்னால் நிற்பவர் அப்பா. அவர் சுடும் தோசைக்கு எந்த நாட்டு வரைபடத்தின் உருவம் என்று பிள்ளைகள் போட்டி வைக்கிறார்கள்.

பத்தாம் வீட்டில் பெண்களே இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பையன்கள். பனியன் கம்பெனியில் அயர்ன், பேக்கிங். சுவரில் ஒரு தாள். ஒடிய எழுத்தில் ஏழு வரி. எந்தக் கிழமை யார் சமையல், யார் பாத்திரம் என்று. மொழி தெரியாவிட்டாலும் ஏழு நாள், நான்கு பெயர் என்பது பார்த்தாலே புரிகிறது. அன்றைய முறைக்காரன் ஒருவன். குக்கரின் அடியில் பருப்போடு பூசணி, கத்தரி, வாழைக்காய் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து டால்மா. இன்னொரு சட்டியில் சோறு; கொதிக்கிற சோற்றுக்குள்ளேயே நாலு உருளைக்கிழங்கு. வெந்ததும் தோலை உரித்து, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தால் கூட்டும் தயார். ஒருவன் சமைக்க, மற்ற மூன்று பேர் வாசலில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. "இன்று என் முறையல்ல" என்பதில் அவர்களுக்குக் கூச்சமும் இல்லை, "இன்று என் முறை" என்பதில் தியாகமும் இல்லை.

பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலையைக் குதப்பிச் சொன்னார்: "பொம்பள இல்லாத வீட்டுல ஆம்பளைக எம்புட்டு நல்லா ஆக்குறாய்ங்க பாரு. ஒருத்தி உள்ள வந்துட்டா போதும், எல்லாருக்கும் கை மரத்துப் போகுது."

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பாட்டியின் பேச்சுக்கு எண்கள் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். இது ஈடுபடுகிறவர்களின் கணக்கு. ஈடுபடுகிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81. பத்து வீட்டு லைனில் இதைப் பொருத்திப் பார்த்தால், அடுப்புப் பக்கம் ஒதுங்குகிற ஆம்பளை இரண்டரைப் பேர். ஒடிசாப் பையன்களைத் தள்ளிவிட்டால் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரியை வேகமாகவே சொல்லிவிடலாம். வாரச் சம்பளம். பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் சந்து வரை கேட்கும். லைனில் ஒன்றிரண்டு வீடு தவிர எல்லாம் பார்சல்தான்: பரோட்டா, சால்னா, பிள்ளைகளுக்கு முட்டை வீச்சு. "கடைச் சாப்பாடா?" என்று முகம் சுளிக்கிற பெரிய மனிதர்கள் வெளியிலிருந்துதான் வருகிறார்கள். ஆறு நாள் காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டியவளுக்குச் சனிக்கிழமை ராத்திரி அடுப்பில்லை என்றால், அதில் குற்ற உணர்ச்சிக்கு என்ன வேலை? பொட்டலத்தைப் பிரித்து வைத்து, சாப்பிட்டு, வாழையிலையையும் காகிதத்தையும் சுருட்டிப் போட்டால் கழுவப் பாத்திரமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி. அது முடிந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு, நாலு மணி வாக்கில், சந்தில் ஒரு வேலை நடக்கும். முறமும் பேப்பரும் விரித்துப் பெண்கள், பிள்ளைகள், ஒன்றிரண்டு ஆண்கள் வெங்காயம், பூண்டு உரிப்பார்கள். இரண்டு கிலோ தக்காளி ஒரு வீட்டு அடுப்பில் தொக்காகச் சுருண்டுகொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் புளிக்காய்ச்சல். எண்ணெய் மேலே மிதந்து பிரிகிற வரை கிளறினால் ஒரு வாரம் தாங்கும். ஈரக்கரண்டி போட்டால் மூன்றாம் நாளே பூசணம். இட்லிப் பொடியைப் பாட்டி வறுத்துக் கொடுப்பார், மிக்சி யாருடையதோ. மணி ஆறரைக்குள் கலைந்துவிடுவார்கள். அந்த இரண்டரை மணி நேரத்து வேலை, வார நாள் ராத்திரியில் வீட்டுக்கு அரை மணி நேரத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடும். அலுவலகம் போகிற நகரத்துத் தம்பதிகள் இதையே டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கிச் செய்கிறார்கள். ஃப்ரீசர் இல்லாமலும் நடக்கிற காரியம்தான்.

மூன்றாம் வீட்டம்மா இந்த உரிக்கிற பந்தியில் உட்காருவதில்லை. நேரமில்லை என்பார். துவைக்கிற கல்லில் ஒரு வாரத்துத் துணியோடு நிற்பார். அவர் கணவர் அந்த நேரத்தில் டீக்கடையில்.

ஒரு புதன்கிழமை ராத்திரி, வழக்கம்போல 'எதாவது' சண்டை உச்சத்துக்குப் போய், அந்தம்மா கரண்டியை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே பிள்ளைகள் அப்பாவைப் பார்க்க, அப்பா அடுப்பைப் பார்க்க, அடுப்பு யாரையும் பார்க்கவில்லை. பாட்டி எழுந்து போனார்.

"ஏப்பா, ஒரு நாளைக்கு எத்தன பீஸ் தைப்ப?"

அவர் ஏதோ எண் சொன்னார்.

"ஒரு பீசுல தையல் கோணுனா?"

"பிரிச்சுத் தைக்கணும்."

"அம்புட்டுச் சரியாத் தைக்கிற ஆளுக்கு, ஒரு டம்ளர் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணின்னு நெனப்புல வைக்க முடியாதா? எந்திரி."

எழுந்தார். பாட்டி சொல்லச் சொல்ல அவரே செய்தார். பாட்டி கையால் எதையும் தொடவில்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரும் எழுந்து போய்த் திருத்தவில்லை. சோறு குழைந்துதான் போனது. ரசம் கிடையாது, குழம்பு கிடையாது. தொக்கு ஐந்தாம் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது, தயிர் பாக்கெட் முனைக்கடையிலிருந்து வந்தது. பெண் பிள்ளை, "அப்பா வச்ச சோறு கஞ்சி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அந்தம்மா அன்று உட்கார்ந்து சாப்பிட்டார். மணி 9.35.

அதன் பிறகு மூன்றாம் வீடு தலைகீழாக மாறிவிட்டதா என்றால் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவர் சோறு வைக்கிறார். மற்ற நாளில் பழைய கதைதான், கொஞ்சம் சத்தம் குறைந்து. தினசரி காலண்டர் அவர்கள் வீட்டிலும் தொங்குகிறது, அதன் அடியில் இன்னும் எதுவும் எழுதி ஒட்டப்படவில்லை. பெண் பிள்ளை ஐந்தாம் வீட்டு அட்டையைப் போய்ப் படித்துவிட்டு வந்து, "நாமளும் வெள்ளிக்கெழம தக்காளிச் சோறுன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்று பதில்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அடுப்புப் பக்கம் போகாத ஆள் ஒருவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: குக்கரில் ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், பழைய அரிசி இன்னும் கொஞ்சம் குடிக்கும், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைக்கணும். சொல்லிவிட்டு, அவர் வைத்து முடிக்கிற வரை அடுப்பங்கரைக்குள் போகாதீர்கள். குழைந்தால் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.